கிணறு தோண்டியவர் யார்? பள்ளி வரலாற்று நூல்களும் மறக்கப்பட்ட மனிதர்களும்

நெய்வேலி நகரியத்தில் ஒரே வட்டத்தில், அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் வளரும் இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கேந்திரிய வித்யாலயாவில் படிக்கிறார். அவர் கையில் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட வரலாற்றுப் புத்தகம். இன்னொருவர் நிலக்கரிச் சுரங்க நிறுவனமான என்.எல்.சி. நடத்தும் பள்ளியில் படிக்கிறார். அவர் பையில் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் சமூக அறிவியல். முதல் புத்தகத்தில் பிளாசிப் போரும் 1857 கிளர்ச்சியும் பக்கம் பக்கமாக இருக்கும். இரண்டாவதில் அவற்றோடு பூலித்தேவர், வேலுநாச்சியார், மருது சகோதரர்கள், தீரன் சின்னமலை, வேலூர்ப் புரட்சி எல்லாம் வரும். மாலையில் ஒரே மைதானத்தில் விளையாடும் இந்த இருவருக்கும் நாட்டின் கடந்த காலம் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. ஒன்றில் மட்டும் இருவரும் சமம்: தாங்கள் குடியிருக்கும் ஊர் இருவருக்கும் அறிமுகமாவது புவியியல் பாடத்தில்தான், பழுப்பு நிலக்கரி என்ற சொல்லுக்கு நேரே.

மறக்கப்பட்ட வீரர்களைப் பள்ளி நூல்களுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற குரல் சில ஆண்டுகளாக ஓங்கி ஒலிக்கிறது. விடுதலையின் 75ஆம் ஆண்டுக் கொண்டாட்டம் அதற்கு வேகம் கொடுத்தது. 2022 குடியரசு நாள் அணிவகுப்புக்காக வ.உ.சி., பாரதியார், வேலுநாச்சியார் உருவங்களோடு தமிழ்நாடு முன்வைத்த ஊர்தி டெல்லியில் ஏற்கப்படவில்லை. பிறகு அது தமிழ்நாட்டு நகரங்களில் வலம் வந்தபோது, யாரை நினைவில் வைப்பது என்ற கேள்வி தெருவுக்கே வந்துவிட்டது. அந்தக் குரலில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது ஒரே கோரிக்கையோடு நின்றுவிடுகிறது: இந்தப் பெயரையும் சேருங்கள். பெயரைச் சேர்த்த பிறகு பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த மனிதர் எந்த எண்ணத்துக்காக நின்றார்? அவரைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாள் அவர் ஏன் நம் கண்ணில் படவில்லை? இந்தக் கேள்விகளுக்குப் புத்தகத்தில் இடமில்லாவிட்டால், சேர்த்த பெயர் மறுபடியும் மறக்கப்படும் என்பதே என் கருத்து. பள்ளி வரலாற்று நூல்கள் கடந்து வந்த பாதையை முதலில் பார்த்துவிட்டு, அதே கேள்விகளை நெய்வேலி மண்ணில் வைத்துக் கேட்க விரும்புகிறேன்.

ஆங்கிலேயர் காலத்துப் பள்ளி வரலாறு பெரும்பாலும் ஆள்வோரின் வரிசை. இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராத ஜேம்ஸ் மில் 1817இல் எழுதி வெளியிட்ட இந்திய வரலாறு, நாட்டின் கடந்த காலத்தை இந்து, முஸ்லிம், பிரிட்டிஷ் என மூன்றாக வெட்டிப் போட்டது. அந்த வெட்டு பாடப்புத்தகங்களில் நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. கவர்னர் ஜெனரல்களின் பெயர்களே அத்தியாயத் தலைப்புகளாயின. கடலூர்ப் பகுதி அந்தப் புத்தகங்களில் வந்ததும் அவர்கள் வழியாகத்தான்: கம்பெனி 1690இல் மராட்டியரிடமிருந்து வாங்கிய புனித டேவிட் கோட்டை, அங்கே இருந்த ராபர்ட் கிளைவ், 1781இல் பரங்கிப்பேட்டையில் ஐதர் அலியோடு ஐர் கூட் நடத்திய போர். கோட்டைக்கு வெளியே நெய்தவர்களும் உழுதவர்களும் கப்பலேற்றிய மூட்டைகளைச் சுமந்தவர்களும் அந்தக் கதைக்குள் வரவேயில்லை.

அதற்கு மறுமொழியாக எழுந்தது தேசிய வாசிப்பு. பாடத்திட்டத்துக்கு வெளியே, வீட்டில், நூலகத்தில், மேடையில் வளர்ந்தது அது. சிறையிலிருந்து நேரு மகளுக்கு எழுதிய கடிதங்கள் உலக வரலாறாக நூலுருப் பெற்றன. தமிழில் ம.பொ.சி. கட்டபொம்மனையும் வ.உ.சி.யையும் ஊர் ஊராகப் பேசியும் எழுதியும் நிலைநிறுத்தினார். 1959இலும் 1961இலும் அந்த இருவரும் திரைக்கு வந்தார்கள். அந்தத் தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்று நாயகர்கள் அறிமுகமானது பெரும்பாலும் வரலாற்று வகுப்பில் இல்லை. தமிழ் வகுப்பின் துணைப்பாடத்தில், நான்-டீடெய்ல் என்று எல்லோரும் சொன்ன அந்த மெல்லிய புத்தகத்தில்தான். அதன் நன்மை, கதையாகப் படிக்க முடிந்தது. அதன் குறை, எல்லா நாயகர்களும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்போல் இருந்தார்கள்: இளமையிலேயே அறிவு, நடுவில் தியாகம், முடிவில் தூக்குமேடை அல்லது சிறை. எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதைக் காட்டிலும் எப்படிச் செத்தார்கள் என்பதே மனத்தில் தங்கியது.

விடுதலைக்குப் பின் பாடநூல் எழுதும் வேலையைப் பெரிய ஆய்வாளர்கள் கையில் எடுத்தார்கள். 1966இல் ரொமிலா தாப்பர் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பண்டைய இந்தியா பற்றி எழுதினார். 1970களின் இறுதியில் ஆர்.எஸ். சர்மாவின் பண்டைய இந்தியா பாடநூல் அரசியல் அழுத்தத்தால் திரும்பப் பெறப்பட்டது. அன்று தொடங்கி ஒவ்வொரு ஆட்சி மாற்றத்தின்போதும் பாடநூல் சண்டைக்களமாக இருந்து வருகிறது; பெருந்தொற்றுக்குப் பிறகு பாரத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லி நீக்கப்பட்ட பகுதிகள் வரை அதே கதைதான். இதற்கிடையில் 2005 கலைத்திட்டச் சட்டகத்தின் அடிப்படையில் வந்த என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் ஒரு நல்ல காரியம் செய்தன. எட்டாம் வகுப்பு நூலின் முதல் பாடமே, தேதிகளை எதற்காகக் கற்கிறோம், மில் போட்ட மூன்று காலப் பிரிவினை சரியா என்று பிள்ளையிடம் கேட்டது. வரலாறு எழுதப்படுவது ஒருவர் கையால், அவருக்கும் ஒரு நோக்கம் உண்டு என்று 13 வயதுப் பிள்ளைக்குச் சொன்ன துணிவுக்காக அந்தப் பாடத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த நூல்களில் தெற்கு மெலிந்தே இருந்தது.

தமிழ்நாட்டில் 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் வந்த புதிய நூல்கள் அந்தக் குறையைப் பெரிதும் நிரப்பின. பத்தாம் வகுப்பில் அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் சிங்காரவேலரும் மூவலூர் ராமாமிர்தமும் இடம்பெற்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து மாயக்காள் உட்பட 16 பேர் உயிரிழந்த பெருங்காமநல்லூர், 1932 ஜனவரி 26 அன்று சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் தேசியக் கொடி ஏற்றிய பாஷ்யம், 1927 நீல் சிலை அகற்றும் போராட்டம் என்று முந்தைய தலைமுறை பள்ளியில் கேள்விப்படாத செய்திகள் வந்தன. அட்டையிலிருந்து வரைபடம் வரை உழைப்பு தெரிகிறது. இவ்வளவு நல்ல புத்தகம் கையில் இருந்தும் பிள்ளைக்கு அது ஏன் பெயர்ப்பட்டியலாகவே மிஞ்சுகிறது? காரணம் வினாத்தாளில் இருக்கிறது. பெருங்காமநல்லூர் ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாக வரும்: நிகழ்ந்த ஆண்டு எது, எந்தச் சட்டத்துக்கு எதிராக. அந்தச் சட்டத்தால் கைரேகைப் பதிவேட்டில் தினமும் பெருவிரலை வைக்க வேண்டிய மனிதனின் நிலை என்ன என்று எந்தத் தேர்வும் கேட்காது. கேட்காததை வகுப்பில் பேச ஆசிரியருக்கு நேரம் இருக்காது. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடம் முடிக்கும் அவசரம் அவர்கள் உண்டாக்கியதில்லை.

மறக்கப்பட்டவரை மீட்கும் முயற்சியில் அடிக்கடி நடக்கும் ஒரு வழுக்கல், முதல் யார் என்ற போட்டி. பூலித்தேவர் 1755இல் எதிர்த்தார், எனவே அவரே முதல். இல்லை, 1801 தென்னிந்தியக் கிளர்ச்சியே முதல் விடுதலைப் போர், கே. ராஜய்யன் 1971இல் தம் ஆய்வு நூலின் தலைப்பிலேயே அப்படிச் சொன்னார். இல்லை, 1806 ஜூலை 10 வேலூர். ஒடிசாவில் கேட்டால் 1817 பைக்கா கிளர்ச்சி. ராஜய்யன் செய்த வேலை மிகப் பெரியது. ஆவணங்களைத் தேடி, சிதறிக் கிடந்த பாளையக்காரர் சண்டைகளை ஒரு கூட்டணியாக இணைத்துக் காட்டினார். மேடைகளும் பாடநூல் குறிப்புகளும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது முதல் என்ற சொல்லை மட்டும். அந்தக் கூட்டணியை மருது சகோதரர்கள் எப்படிச் சொற்களில் கட்டினார்கள் என்பது அதைவிட எத்தனையோ மடங்கு சுவையானது. 1801 ஜூன் 16 அன்று திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட அறிக்கை, ஜம்புத்தீபத்தில் வாழும் எல்லாச் சாதியாரையும் இஸ்லாமியரையும் அழைத்தது. அரண்மனைக்குள் போகும் கடிதமாக இல்லாமல், தெருவில் போகிற யாரும் நின்று படிக்கும்படி சுவரில் ஒட்டப்பட்டது. 1801இல் அதை எத்தனை பேர் படித்திருக்க முடியும்? படிக்கத் தெரியாதவர்களுக்கு யார் வாசித்துச் சொன்னார்கள்? ஜம்புத்தீபம் என்ற பழைய சொல்லைச் சின்ன மருது ஏன் எடுத்தார்? இந்த மூன்று கேள்விகளோடு ஒரு வகுப்பு முழுவதும் ஓடும். அந்த வகுப்பிலிருந்து வெளிவரும் பிள்ளைக்கு மருதுவின் பெயர் மறக்காது. ஏனெனில் பெயரோடு ஓர் எண்ணம் ஒட்டியிருக்கும்.

ஆதாரத்தின் தரத்தைப் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது என்பது இன்னொன்று. வேலுநாச்சியாரின் கணவர் முத்துவடுகநாதர் 1772இல் காளையார்கோயிலில் கொல்லப்பட்டதும், வேலுநாச்சியார் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்ததும், ஐதர் அலியின் துணையோடு 1780இல் சிவகங்கையை மீட்டதும் ஆவணங்களின் துணையோடு பேசக்கூடியவை. அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் குயிலி, தன்னைத் தீமூட்டிக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்ந்த கதை, பெரும்பாலும் வாய்மொழி மரபின் வழியாகவும் பிற்கால நூல்களின் வழியாகவும் நமக்கு வந்தது. இரண்டையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு எழுதும்போது குயிலிக்கும் நாம் நன்மை செய்வதில்லை. வாய்மொழி என்பது மட்டமான ஆதாரம் என்று நான் சொல்லவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் யாரைப் பற்றி எழுதினார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று யோசித்தால், ஒடுக்கப்பட்ட பெண் ஒருத்தியின் நினைவு பாட்டிலும் கதையிலும் மட்டும் தங்கியிருப்பதே ஒரு வரலாற்றுச் செய்தி. அதை அப்படியே பிள்ளையிடம் சொல்லலாம்: இது அரண்மனைக் கடிதத்தில் இருப்பது, இது மக்கள் வாயில் இருப்பது, இரண்டும் ஏன் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன என்று நீயே யோசி. பன்னிரண்டு வயதுக்கு இது கடினமில்லை. வீட்டில் தாத்தா சொல்வதற்கும் பத்திரத்தில் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு என்று அந்த வயதுப் பிள்ளைகள் ஏற்கெனவே அறிவார்கள்.

மறதியும் தானாக வருவதில்லை. அயோத்திதாசர் 1907இல் ஒரு பைசாத் தமிழன் என்ற வார இதழைத் தொடங்கி, 1914இல் மறையும் வரை சாதி, பௌத்தம், மருத்துவம், அரசியல் என்று எழுதித் தள்ளினார். பிறகு பல பத்தாண்டுகள் பொதுவெளியில் அவர் பெயர் கேட்கவில்லை. 1999 முதல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட தொகுதிகளுக்குப் பிறகே அவரை விலக்கிவிட்டுத் தமிழகச் சமூக வரலாறு எழுத முடியாது என்ற நிலை வந்தது. பழுத்து உதிரும் தாள்களை யாரோ பெட்டிக்குள் வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள், யாரோ தேடிப் போயிருக்கிறார்கள், யாரோ அச்சுக்கோத்திருக்கிறார்கள். பாடநூலில் அயோத்திதாசரின் படத்துக்குக் கீழே இந்த மீட்புக் கதைக்கும் நான்கு வரி இருந்தால், வரலாறு எப்படி உருவாகிறது என்பதைப் பிள்ளை ஒரே பக்கத்தில் கற்றுவிடும். தமிழர் போய்க் குடியேறிய நாடுகளிலும் இதே நிலைதான். மலாயாவில் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் ஆங்கில அரசு தூக்கிலிட்டது. சயாம்-பர்மா ரயில் பாதையில் மாண்ட தோட்டத் தமிழர்களின் பெயர்களோ எந்தத் தூணிலும் முழுமையாக இல்லை. கணபதியை மீட்பது ஒரு வேலை. பெயரே இல்லாமல் போன ஆயிரக்கணக்கானவர்களை வரலாற்றுக்குள் கொண்டுவருவது வேறு வேலை. அதற்கு நாயகன் என்ற வடிவம் போதாது.

நெய்வேலிப் பக்கம் வருவோம்.

கடலூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு உள்ளூர் விடுதலைப் போராட்டம் என்றால் அஞ்சலை அம்மாளிடம் தொடங்குவதே முறை. 1890இல் கடலூர் முதுநகரில் பிறந்தவர். 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் பழிவாங்கும் வெறியோடு மக்களைக் கொன்ற கர்னல் நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற சிலையை எதிர்த்து 1927இல் போராட்டம் நடந்தபோது, அவர் தம் சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவோடு போய்ச் சிறைப்பட்டார். பின்னர் காந்தி அந்தச் சிறுமியைத் தம் ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டு லீலாவதி என்று பெயரிட்டார். சிறைவாசத்தின் நடுவே பிறந்த மகனுக்கு அஞ்சலை வைத்த பெயர் ஜெயில்வீரன். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு ராஜாஜி அமைச்சரவை நீல் சிலையை மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றி அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோய் வைத்தது.

தென்னாட்டு ஜான்சிராணி என்று காந்தி அவரைச் சொன்னதாக எல்லா மேடையிலும் கேட்கிறோம். அந்தப் பட்டத்தோடு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜான்சிராணி அரசி, அஞ்சலை எளிய நெசவாளர் குடும்பத்துப் பெண். வாள் பிடிக்கவில்லை, குதிரை ஏறவில்லை. பொதுத் தெருவில் நிற்கும் சிலை யாருடையதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை தமக்கும் உண்டு என்று நம்பி ரயிலேறிச் சென்னைக்குப் போனார். வரலாற்றில் யாருக்கு இடம் என்ற கேள்வியை, பள்ளி நூல்கள் இன்று தயங்கித் தயங்கிக் கேட்கும் அந்தக் கேள்வியை, அஞ்சலை அம்மாள் 1927இல் மவுண்ட் ரோட்டில் நின்று கேட்டுவிட்டார். பாடத்தின் மையம் அங்கே இருக்க வேண்டும்.

இதே மாவட்டத்தில் நெய்வேலிக்கு வெகு அருகில் வள்ளலாரின் வடலூர். பாடநூல் அவரைச் சமயச் சீர்திருத்தவாதி என்ற தலைப்பின் கீழ் வைக்கிறது. 1866 பஞ்சத்தை அடுத்து 1867இல் அவர் பசித்தவர்க்கு உணவிடும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார் என்ற செய்தி அதே பாடத்தில் இருக்கிறது. பசியை ஒரு பொதுப் பிரச்சினையாகப் பார்த்த எண்ணம் அது. பத்தாண்டுக்குள் 1876-78 பெரும் பஞ்சம் வந்தபோது ஆட்சியாளர்கள் கணக்குப் பார்த்துக் கூலியையும் கஞ்சியையும் குறைத்ததோடு ஒப்பிட்டால்தான் அதன் உயரம் தெரியும். தருமச்சாலைக்கான நிலத்தைக் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள். 80 காணி என்பது வழக்கு. அந்த மக்களில் ஒருவர் பெயராவது பள்ளிப் பிள்ளைக்குத் தெரியுமா? பாரதி 1918 நவம்பர், டிசம்பரில் கடலூர்ச் சிறையில் இருந்த நாட்களையும் இங்கே சேர்க்கலாம். ஆனால் பாரதியை நினைவூட்ட ஆட்கள் நிறைய உண்டு.

நெய்வேலிக்குள்ளேயே இருக்கும் வரலாறு இன்னும் செழிப்பானது. 1930களின் நடுவில் டி.எம். ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்கிணறு இறக்கியபோது நீரோடு கருமையான துகள்கள் வந்தன; அதை அவர் அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார்; பின்னாளில் 600 ஏக்கருக்கும் மேல் நிலம் கொடுத்தார். நகரியத்தில் வளரும் பிள்ளைகள் கேட்டுப் பழகிய கதை இவ்வளவுதான். இது உண்மை, நன்றியோடு சொல்லத்தக்கது. ஆனால் கதை இங்கே தொடங்கவுமில்லை, முடியவுமில்லை. புதுச்சேரியை ஒட்டிய பாகூர்ப் பக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே கிணற்றுக்குத் துளையிட்டவர்கள் பழுப்பு நிலக்கரியைத் தொட்டிருந்தார்கள். 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்து, படிவம் இருப்பதை உறுதி செய்தது. எச்.கே. கோஷ் போன்ற பொறியாளர்கள் வயலுக்கும் முந்திரித் தோப்புக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் அந்த வேலையில் கிடந்தார்கள். எடுக்க முடியுமா என்ற சந்தேகம் அதற்குப் பிறகும் தீரவில்லை. நிலக்கரிக்கு மேலே கடினமான கடலூர் மணற்கல். கீழேயோ மேல்நோக்கி முட்டித் தள்ளும் நிலத்தடி நீர். நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். 1956 நவம்பரில் என்.எல்.சி. நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. நான்கு ஆண்டுக்கு மேல் வெறும் மண்ணையும் கல்லையும் நீரையும் அள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இப்போது பள்ளிப் புத்தகம் கேட்க வேண்டிய கேள்வி: நெய்வேலி நிலக்கரியைக் கண்டுபிடித்தவர் யார்? நிலத்துக்குச் சொந்தக்காரரா? அவர் நிலத்தில் கிணறு இறக்கிய கூலியாட்களா? முதலில் அந்தக் கறுப்புத் துகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர் அநேகமாக அவர்களில் ஒருவராகத்தான் இருந்திருப்பார். அவர் பெயரைப் பொதுவழக்கில் சொல்லப்படும் கதை சுமந்து வரவில்லை. துளையிட்ட புவியியலாளரா? நீரின் அழுத்தத்தை அடக்கும் வழி கண்டவர்களா? ஜெர்மனியிலிருந்து வந்த சக்கர வாளி இயந்திரங்களின் பற்கள் மணற்கல்லில் தேய்ந்து போனபோது, அவற்றை மாற்றி மாற்றி ஓட்டப் பழகிக்கொண்ட இயக்குநர்களா? ஒரே ஒரு சரியான விடை இல்லாத கேள்வி இது. பல கை சேர்ந்த வேலையை வரலாறு எப்படி ஒரே பெயருக்குள் அடக்குகிறது என்று காட்ட, இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எந்தப் பாடநூலிலும் கிடைக்காது. அது நெய்வேலிப் பிள்ளையின் காலடியில் இருக்கிறது.

நிலம் கொடுத்தவர்கள் என்பதிலும் இதே சிக்கல். 600 ஏக்கர் கொடுத்தவரின் பெயர் நிற்கிறது. இரண்டு ஏக்கரும் ஒரு வீடும் ஒரு மாமரமும் கொடுத்துவிட்டுப் போனவர்களின் பெயர்கள் நிலமெடுப்புப் பதிவேடுகளில் கிடக்கின்றன. சுரங்கம் விரிய விரிய ஊர்கள் நகர்ந்தன. கோயில்களும் இடுகாடுகளும் போயின. நிலத்துக்கு ஈடாக நிரந்தர வேலை என்ற கோரிக்கை மந்தாரக்குப்பம், வடக்குத்து, கம்மாபுரம் பக்கங்களில் தலைமுறை தாண்டியும் தீரவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது அந்தப் பழைய கணக்கு மறுபடி திறந்தது. மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதும் உண்மை. அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. 1957இல் நாடு கண்ட கனவைப் படிக்கும் பிள்ளை, அந்தக் கனவுக்காக இடம்பெயர்ந்தவரின் பேரனும் தன் வகுப்பிலேயே இருக்கிறான் என்பதைத் தெரிந்துகொள்ளலாம். அதனால் யார் மனமும் சின்னதாகிவிடாது. முதல் அனல்மின் நிலையத்தின் கதையும் இதில் சேரும்: சோவியத் உதவியோடு எழுந்து, 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020இல் ஓய்வு பெற்ற நிலையம் அது. அதே 2020இல் மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்துகளில் உயிரிழந்த தொழிலாளர்களின் கதையும்.

பாடநூலில் இருக்கும் ஓர் எண்ணத்தை உள்ளூர் நிகழ்வோடு இணைத்துக் காட்டவும் நெய்வேலியில் வழி உண்டு. குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது என்று புத்தகம் சொல்லும். ஒரு சாதியில் பிறந்ததாலேயே ஒருவன் திருடன் என்ற எண்ணம் அன்றோடு ஒழிந்ததா? 1993இல் நகரியத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் சமூகத்து ராஜாக்கண்ணு, திருட்டுப் புகாரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பவில்லை. அவர் மனைவி உயர் நீதிமன்றம் வரை போனார், வழக்கறிஞர் கே. சந்துரு வழக்கை நடத்தினார். பொதுவுடைமை இயக்கத்தினர் துணை நின்றார்கள். 2021இல் வந்த ஜெய் பீம் படத்தின் மூலம் உலகமே அறிந்துகொண்ட கதை இது. பெருங்காமநல்லூரையும் முதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் 73 ஆண்டுகள். சட்டம் போன பிறகும் எண்ணம் தங்குகிறது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை தானே சொல்லிவிடும். அதைத் தகர்க்க நின்ற அந்தப் பெண் எந்த மன்னர் வரிசையிலும் இல்லாத வரலாற்று மனிதர்.

இப்படியான வாசிப்புக்குத் தமிழ்நாட்டில் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் பிள்ளைகள் கல்வெட்டு படிக்கப் பழகினார்கள்; பாறையும் பானை ஓடும் அவர்களுக்குப் பாடநூலாயின. வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற சின்னச் சின்னப் புத்தகங்கள், பிள்ளைகள் கையில் தடித்த புத்தகத்தைத் திணிக்க வேண்டியதில்லை என்று காட்டின. வரலாற்றுக்கும் அதே அளவில், எட்டுப் பக்கம் பன்னிரண்டு பக்கத்தில், நூல்கள் எழுதலாம். கீழடி அகழாய்வு எத்தனை பள்ளிப் பிள்ளைகளைக் குழிக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதை எல்லோரும் பார்த்தோம். இவற்றின் பொதுத்தன்மை ஒன்றுதான்: பிள்ளை விடையைக் கேட்டுக்கொள்ளவில்லை, தடயத்தைத் தொட்டுப் பார்த்தது.

நெய்வேலிக்கென்று ஒரு வரலாற்று வாசிப்பு நூல் எழுதப்பட வேண்டும். அஞ்சலை அம்மாளும் பார்வதிபுரத்துக் காணியாளர்களும் ஜம்புலிங்க முதலியாரும் அவர் கிணற்றை இறக்கியவர்களும் அதில் ஒரே மதிப்போடு வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் இது எங்கிருந்து தெரிந்தது என்று சொல்லியிருக்க வேண்டும்: பத்திரம், பத்திரிகை, புகைப்படம், பாட்டியின் நினைவு. லெக்கோ என்ற அடுப்புக்கரியில் அடுப்பு மூட்டிய காலத்தைப் பற்றி ஒரு பாட்டி சொல்வதும், அன்றைய சம்பளச் சீட்டும், ஷிப்ட் சங்கின் நேரமும் அதில் ஆதாரமாக நிற்கலாம். நிறுவனமே புத்தகக் கண்காட்சி நடத்தும் ஊர் இது. அந்த அரங்கில் பிள்ளைகள் தாங்களே தொகுத்த நூலுக்கு ஒரு மேசை கிடைக்காதா? நகரியத்துப் பள்ளிப் பிள்ளைகளும் மந்தாரக்குப்பம், கெங்கைகொண்டான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஏனெனில் இந்த ஊரின் கதையில் குவார்ட்டர்ஸ் பக்கம் பாதியும் நிலம் கொடுத்த பக்கம் பாதியும் இருக்கின்றன. எந்தப் பாதியையும் மற்றதால் எழுத முடியாது.

கையில் இருக்கும் நேரம் குறைவு. 1957இல் 20 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று 90ஐ நெருங்குகிறார். மண்ணள்ளிய அந்த நான்கு ஆண்டுகளையும், நிலக்கரி வெளிப்பட்ட அந்த ஆகஸ்டையும், காலி செய்துவிட்டுப் போன ஊரில் எந்தத் தெருவில் எந்தக் கோயில் இருந்தது என்பதையும் நேரில் கண்டு சொல்லக்கூடியவர்கள் ஓய்வு பெற்று வடக்குத்திலும் இந்திரா நகரிலும் விருத்தாசலத்திலும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கோடை விடுமுறையிலேயே ஒரு நோட்டும் ஒரு செல்போனும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போகலாம்.